ஒலிக்குப் பின்னிருப்போர்: பூதிகோட்டை 'நம்ம த்வனி'யின் பணியாளர் வரலாறு

தமிழ் இதழியல் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதழாசிரியர் பெயரில் தொடங்கி இதழாசிரியர் பெயரிலேயே முடிவன. அச்சுக் கோத்தவர், இதழை ஊர்தோறும் கொண்டு சேர்த்த முகவர், உள்ளூர்ச் செய்தியைத் திரட்டி அஞ்சலில் அனுப்பியவர் ஆகியோர் அவற்றில் இடம்பெறுவது அருமை. வானொலி, இணையம் முதலிய பிற்கால ஊடகங்களைப் பற்றிய எழுத்துகளிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. இதழாசிரியர் இருந்த இடத்தில் நிறுவனத்தின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவே வேறுபாடு. கருநாடக மாநிலம், கோலார் மாவட்டம், பங்காரப்பேட்டை வட்டத்திலுள்ள பூதிகோட்டையில் உருவான 'நம்ம த்வனி' என்னும் சமூக ஒலிபரப்பு அமைப்பு இதற்கு ஏற்ற சான்றாகும். அதனைப் பற்றி எழுதியோர் யுனெஸ்கோ, பெங்களூருவின் 'வாய்சஸ்', 'மைராடா' ஆகிய மூன்று பெயர்களைத் தவறாமல் குறிக்கின்றனர். ஒலிவாங்கியைக் கையில் பிடித்தவர் எத்தகையவர், அவருக்குக் கற்பிக்கப்பட்டது யாது, கற்றதைக் கொண்டு அவர் என்ன செய்ய முடிந்தது, என்ன செய்யக்கூடாதெனத் தடுக்கப்பட்டார் என்னும் வினாக்கள் பின்தங்கிவிடுகின்றன. அவ்வினாக்களின் வழியே இவ்வமைப்பின் வரலாற்றைக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் சூழலும்

மார்க்கண்டேய ஆற்றங்கரையில் அமைந்த பூதிகோட்டை, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐதர் அலி பிறந்த ஊராக வரலாற்றில் அறியப்படுவது. கன்னடத்தில் 'பூதி' என்பது சாம்பலைக் குறிக்கும். தமிழிலும் திருநீற்றுக்குப் பூதி என்னும் பெயர் உண்டாதலின், இவ்வூர்ப்பெயர் தமிழ்ச் செவிக்கு அயலாகத் தோன்றுவதில்லை. மொழி எல்லைகள் கலந்து கிடக்கும் நிலப்பகுதி இது. கன்னடமும் தெலுங்கும் தமிழும் உருதும் ஒரே சந்தையில் வழங்குகின்றன. 'நம்ம த்வனி' என்னும் பெயரே இதற்குக் குறியீடு எனலாம். 'நம்ம' என்பது கன்னடத்துக்கும் பேச்சுத் தமிழுக்கும் பொது. 'த்வனி' என்பது தமிழில் 'தொனி' என வழங்கும் அதே வடசொல்.

இப்பகுதியின் மற்றொரு முகம் அருகிலுள்ள கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பொறுப்பேற்றபின் பெருகிய சுரங்கத் தொழிலுக்கு வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளர் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். அயோத்திதாசப் பண்டிதர் 1907ஆம் ஆண்டு சூன் மாதம் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது, அதற்கு உறுதியான வாசகரையும் துணைநின்றோரையும் தந்த இடங்களுள் தங்கவயல் முதன்மையானது. மாரிக்குப்பத்தில் இயங்கிய சாக்கிய பௌத்த சங்கக் கிளை அவ்விதழின் படிப்பகமாகவும் செய்திக் களமாகவும் விளங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்தபின் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. அவருடைய எழுத்துகளையும் பண்டிதர் நூல்களையும் வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலையும் அங்கு இயங்கியதே. சுரங்கத்தில் உழைத்தவரே இரவில் படிப்பவராகவும் படித்துக் காட்டுபவராகவும் இதழுக்கு எழுதுபவராகவும் இருந்த மரபு இது. முறைப்படியான இதழியற் கல்வி எதுவும் இல்லாத காலத்தில், சங்கக் கூட்டமே அவர்களுக்குப் பயிற்சிக்கூடமாயிற்று.

'நம்ம த்வனி' இம்மரபின் நேரடித் தொடர்ச்சி எனக் கூறுவதற்கில்லை. நாட்டுப்புற வேளாண்மையும் சுரங்க நகரமும் வெவ்வேறு உலகங்கள், மொழியும் வேறு. எனினும் சங்கத்திலிருந்து ஊடகம் பிறக்கும் முறை இரண்டிலும் ஒன்றாயிருப்பது கருதத்தக்கது. காலமும் ஒரு வகையில் பொருந்தி நிற்கிறது. தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28ஆம் நாள். பூதிகோட்டையில் ஒலிப்பதிவு மையம் எழுந்ததும் அவ்வாண்டிலேயே.

சங்கக் கணக்கரிலிருந்து செய்தியாளர்

மைராடா 1968இல் திபெத்திய அகதிகளின் மறுகுடியமர்வுக்காகத் தோன்றிய அமைப்பு. 1980களின் நடுப்பகுதியில் அது சிறு சேமிப்புக் குழுக்களை உருவாக்கலாயிற்று. 1987இல் நபார்டு வங்கி அதற்கு 10 இலட்சம் ரூபாய் நல்கையளித்தது. 1992இல் நாடு தழுவித் தொடங்கிய சுயஉதவிக் குழு - வங்கி இணைப்புத் திட்டத்துக்கு இப்பட்டறிவு அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. கோலார் மாவட்டத்தில் இக்குழுக்கள் ஆழமாக வேரூன்றின. பூதிகோட்டை ஒலிபரப்பின் வரலாற்றை 2001இல் தொடங்குவது வழக்கமாயினும் அதன் பணியாளர் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவதே பொருந்தும்.

காரணம் எளிது. வாரந்தோறும் கூடிச் சேமிப்பை எண்ணி, கடன் கேட்டவரின் தேவையைக் கூட்டத்தில் விசாரித்து, தீர்மானத்தைக் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டும் பழக்கம் குழுப் பெண்களுக்கு ஏற்கெனவே வாய்த்திருந்தது. கேட்டல், சரிபார்த்தல், சுருக்கி எழுதல், பலர்முன் சொல்லுதல் ஆகிய நான்கும் செய்தியாளரின் அடிப்படைத் திறன்கள் அல்லவா? எழுதத் தெரியாத உறுப்பினரும் சென்ற வாரத் தீர்மானம் தவறாகப் படிக்கப்பட்டால் உடனே இடைமறித்துத் திருத்தக்கூடிய அவை அது. பின்னாளில் வெளியூர்ப் பயிற்றுநர் வந்து ஒலிவாங்கியை எவ்வளவு தொலைவில் பிடிப்பது, ஒரு பேட்டியில் எதை முதலில் கேட்பது, பதிவை எங்கே வெட்டுவது என்பவற்றைக் கற்பித்தனர். ஆனால் அக்கல்விக்கு நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது.

பயிற்சியளிக்கும் பணியை ஏற்றது 'வாய்சஸ்'. பெங்களூருவில் 1991இல் தோன்றிய இவ்வமைப்பு, 1996இல் சமூக வானொலி குறித்த கலந்தாய்வைக் கூட்டிப் 'பெங்களூரு அறிக்கை' வெளிவரக் காரணமாயிருந்தது. தொடக்கத்தில் நிகழ்ச்சிகள் ஒலிநாடாவில் பதியப்பட்டுக் குழுக் கூட்டங்களில் போட்டுக் காட்டப்பட்டன. மக்கள் கூடுமிடங்களில் ஒலிபெருக்கி வழியாகவும் கேட்பிக்கப்பட்டன. வேளாண்மை, உடல்நலம், குழுக் கணக்கு, நாட்டுப்புறப் பாடல், பள்ளி மாணவர் நிகழ்ச்சி என்பன அவற்றின் பொருள். நிகழ்ச்சி ஒலிக்கும்போது செய்தவர் அங்கேயே அமர்ந்திருப்பார்; கேட்போர் முகத்தை நேரில் காண்பார். பிழை சொல்லியிருந்தால் அங்கேயே பிடிபடுவார். நகர்ப்புறச் செய்தி நிறுவனங்களில் பயிலுவோர்க்கு எளிதில் கிட்டாத தேர்வுக்கூடம் இது. பயிற்றுநரின் மதிப்பெண்ணைவிடக் குழுப் பெண்களின் மறுப்பே அங்கு வலிமையுடையதாயிருந்தது. நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் மேலாண்மைக் குழுவிலும் அப்பெண்களே பேராளராக இடம்பெற்றனர்.

நிலையத்தைக் கவனித்துக்கொண்டோர் ஊர்க்காரர்களே. நடுவில் படிப்பை நிறுத்தியோரும் அவர்களுள் உண்டு. கணினியில் ஒலியைத் தொகுக்கவும் அவர்களே கற்றனர். குடிநீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிய நிகழ்ச்சி ஒலித்தபின் ஊராட்சியினர் குழாய்களைச் சீர்செய்தனர் என்பது இவ்வமைப்பைப் பற்றிய எழுத்துகளில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. ஊடகத்தின் ஆற்றலுக்குச் சான்றாகவே அது காட்டப்படுகிறது. அதே ஊராட்சியின் எல்லைக்குள் வாழ்ந்து, அதே குழாயில் தண்ணீர் பிடித்து, மறுநாளும் அதே உறுப்பினர் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவர் அக்கேள்வியைக் கேட்டார் என்பது உரிய அழுத்தம் பெறவில்லை. வெளியூர்ச் செய்தியாளர் கேட்டுவிட்டுப் பேருந்தேறிவிடலாம். பூதிகோட்டைப் பணியாளர்க்கு அவ்வசதி இல்லை.

கம்பியும் காற்றும்

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச்சொத்து எனத் தீர்ப்பளித்தது. ஆயினும் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டப்படி உரிமமின்றி ஒலிபரப்புதல் குற்றமாகவே நீடித்தது. 2002 இறுதியில் மைய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வாயிலைத் திறந்தது. அதன் பயனாக 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எப்.எம்.' நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாக ஒலித்தது. பூதிகோட்டைக் குழுக்களுக்கோ அவ்வாயில் மூடியே இருந்தது. ஆந்திரத்தின் ஓர்வகல்லில் மகளிர் குழுவினர் நடத்திய 'மன ரேடியோ' சில மாதங்களே ஒலித்து, 2003 தொடக்கத்தில் அதிகாரிகளால் நிறுத்தப்பட்டது.

இந்நிலையில் பூதிகோட்டையார் கண்ட வழி நுட்பமானது. 2003இல் ஊரின் கேபிள் தொலைக்காட்சி இணைப்பு வழியாகவே ஒலியை வீடுகளுக்கு அனுப்பலாயினர். காற்றில் அனுப்பினால் குற்றம். கம்பியில் அனுப்பினால் குற்றமன்று. தொலைக்காட்சிப் பெட்டியில் படமின்றி வானொலி கேட்ட ஊர் என்னும் வியப்பு பலரால் எழுதப்பட்டுள்ளது. வியப்புக்கு அடியில் ஓர் இழப்பும் உண்டு. கேபிள் இணைப்பு இல்லாத வீட்டுக்கு அவ்வொலி சென்று சேராது. அத்தகைய வீடுகள் ஊரின் எளியோருடையனவாகவே இருத்தல் இயல்பு. யாருக்காகப் பயின்றனரோ அவருள் ஒரு பகுதியினரைச் சட்டமே கேளாதாராக்கியது எனலாம்.

பயிற்சியில் இணையமும் விரைவிலேயே இடம்பெற்றது. இலங்கை மலையகத்தின் கொத்மலைச் சமூக வானொலியில் 1999இல் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கிய முயற்சி இதற்கு முன்னோடி. நேயர் கேட்கும் ஐயத்துக்கு ஒலிபரப்பாளர் இணையத்தில் விடை தேடி, ஊர்மொழியில் விளக்குவது அதன் முறை. பூதிகோட்டையிலும் கணினி மையமும், தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'ஈ-என்ரிச்' மென்பொருளும் வந்தன. புதுவை வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய ஊர்த் தகவல் மையங்களும் இவ்வகையினவே. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையுயரக் குறிப்புகளை எடுத்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் மீனவர்க்கு அறிவித்தவர்கள் ஊர்த் தன்னார்வலரே. 2004 திசம்பர் 26ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையைக் கேட்டு நல்லவாடு ஊரை மேட்டுக்கு நகர்த்தியதும் அத்தகைய ஒலிபெருக்கிதான். தொழில்முறை அளவுகோலால் அளந்தால் இவர்களுள் எவரும் செய்தியாளர் அல்லர். உரிய தகவலை உரிய நேரத்தில் நம்பத்தக்க குரலில் சேர்ப்பது செய்தித்தொழில் என்றால், அன்று அக்கடற்கரையில் நிகழ்ந்ததற்கு வேறு பெயரில்லை.

செய்தி என்னும் சொல்

2006 நவம்பரில் அரசு தன் கொள்கையைத் திருத்தி, தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்தலாம் என்றது. 2008 அக்டோபரில் அன்றைய ஆந்திரத்தின் மச்னூரில் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' ஒலித்தது. 'நம்ம த்வனி'யும் பின்னர் உரிமம் பெற்றுக் கம்பியிலிருந்து காற்றுக்கு மாறியது. இத்திருத்தத்தைச் சமூக வானொலியின் விடுதலை நாளாகக் கொள்வது பொதுவழக்கு. பணியாளர் நோக்கில் அது அரைகுறை விடுதலையே. நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்பில் உருவாக வேண்டும். உள்ளூர் மொழிக்கும் வழக்குக்கும் முதன்மை தரவேண்டும் என்று அவ்விதிகள் கூறின. அதே விதிகள் செய்தியையும் நடப்பு நிகழ்வு பற்றிய உரைகளையும் ஒலிபரப்பலாகாது எனத் தடுத்தன. பின்னாளில் அகில இந்திய வானொலியின் செய்தியை உள்ளவாறோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ மறுஒலிபரப்பு செய்ய மட்டும் இசைவு கிடைத்தது.

இதனால் விளைந்தது விந்தையான நிலை. தில்லியில் வாசிக்கப்பட்ட செய்தியைப் பூதிகோட்டைப் பணியாளர் அப்படியே ஒலிக்கச் செய்யலாம்; தம் ஊராட்சிக் கூட்டத்தில் தாம் கண்டதைச் செய்தி என்னும் பெயரில் சொல்லலாகாது. குழாய் உடைந்தது 'குடிநீர் விழிப்புணர்வு' நிகழ்ச்சியாகிறது. மருத்துவர் வராமை 'உடல்நலக் கலந்துரையாடல்' ஆகிறது. அச்சிதழ் நடத்துவதற்கு இத்தகைய தடை இல்லை. 1926இல் தங்கவயலில் 'தமிழன்' நடத்தியோர் அயலாட்சிக் காலத்திலும் தம் பக்கங்களைச் செய்தியென்றே அழைத்தனர் என்பதை இங்கு ஒப்புநோக்குதல் தகும்.

பொருளியலும் இதனோடு பின்னியது. விளம்பரத்துக்கு மணிக்கு ஐந்து நிமிடமே முதலில் இசைவு தரப்பட்டது. ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் கேட்கும் நிலையத்துக்கு விளம்பரம் தருவோர் எத்தனைபேர்? ஆதலின் பணியாளர் ஊதியம் நல்கைகளையே சார்ந்து நின்றது. நல்கை ஒரு திட்டக் காலத்துக்கு வரும். கருவி வாங்கவும் பயிற்சி நடத்தவும் அதில் இடமிருக்கும். பயின்றவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க இடமிருப்பது அரிது. சமூக வானொலிகளில் பயின்ற இளைஞர் வேறு வேலைக்குச் செல்வதும், திருமணமான பெண்கள் வேற்றூர் போவதும், புதியவர்க்கு முதலிலிருந்து கற்பிப்பதும் மீண்டும் மீண்டும் நிகழ்வன. நிறுவன அறிக்கைகள் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கையை ஆண்டுதோறும் கூட்டிக் காட்டும். எஞ்சி நின்றோரை எண்ணும் பட்டி அவற்றில் காணப்படுவதில்லை.