பத்தில் ஒன்று



போன கிழமை பத்தாம் வகுப்பில் பிரித்தானியர் காலத்து வரிகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசி வாங்கில் இருந்த ஒருவன் எழும்பிக் கேட்டான்: "சேர், வெள்ளைக்காரனும் நெல்லில பத்தில ஒண்டு எடுத்தான். ஸகாத்தும் பத்தில ஒண்டுதானே. அப்ப ரெண்டும் ஒண்டா?" மணியடித்துவிட்டது. அவனுக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

விகிதம் ஒன்றுதான். ஆனால் ஸகாத்துக்கு நிஸாப் இருக்கிறது. ஐந்து வஸக், அதாவது 300 ஸாஉ விளையாதவனிடம் யாரும் கேட்க முடியாது. செலவழித்து நீர் பாய்ச்சினால் இருபதில் ஒன்றுதான். தானிய வரிக்கு அந்த இரக்கம் இல்லை. வரி சேர்க்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விற்றது. ஏலம் எடுத்த குத்தகைக்காரன் களவெட்டியில் வந்து நின்றான். அவர்களில் ஊர்த் தலைமைக்காரரும் இருந்தார்கள், வியாபாரிகளும் இருந்தார்கள். நம்மவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை.

1850களின் பிற்பகுதியில் ஆளுநர் ஹென்றி வார்ட் நமது பக்கம் இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தினார். நல்ல வேலைதான். ஆனால் விளைச்சல் கூடினால் பத்தில் ஒன்றும் கூடும் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாத கணக்கல்ல.

1878இல் 11ஆம் இலக்கச் சட்டம் வந்தது. நெல்லுக்குப் பதிலாகக் காசு. விளைச்சலை மதிப்பிட்டுத் தொகையை எழுதிவிடுவார்கள். கட்டத் தவறினால் வயல் ஏலத்துக்குப் போகும். மிக மோசமாக அடிபட்டது நம் கரையல்ல, மலைநாட்டு வலப்பனை. அங்கே காணி இழந்த விவசாயிகளின் சாவுகளைப் பற்றி லெ மெசூரியர் என்ற அரச அதிகாரியே எழுதினார். ஜோர்ஜ் வோல் என்ற ஆங்கில வணிகர் இந்த வரிக்கு எதிராகப் போராடினார். லண்டன் வரை சர்ச்சை போனது. கடைசியில் ஆளுநர் ஹெவ்லொக் காலத்தில், 1893 ஜனவரி 1 முதல் வரி இல்லாமல் போனது.

பாடப்புத்தகம் இதோடு முடிந்துவிடும். எனக்கு இதற்குப் பிறகுதான் முக்கியம். உள்ளூர் நெல்லுக்கு வரி போனது, இறக்குமதி அரிசிக்கான தீர்வை போகவில்லை. காணி வைத்திருந்தவன் தப்பினான், அரிசியைக் கடையில் வாங்கித் தின்றவன் தொடர்ந்து கட்டினான். 1848இன் வீதிச் சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதன்படி 18 முதல் 55 வயது வரையான ஆண், வருடத்துக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் காசு. நூறு ஏக்கர் போடியாருக்கும் அவரது வயலில் கூலிக்கு நின்றவனுக்கும் ஒரே அளவு! வருமான வரி வந்தது 1932இல்தான். கிட்டத்தட்ட நாற்பது வருடம் பெரிய வயற்காரரின் விளைச்சலில் அரசாங்கத்துக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை.

அந்த நாற்பது வருடத்தில் ஏழையின் பங்குக்கு ஸகாத் மட்டும்தான் மிச்சம். அதைக் கேட்க எந்தக் குத்தகைக்காரனும் களவெட்டியில் நிற்கவில்லை. ஒழுங்காகக் கொடுத்த போடிமார் இருந்தார்கள், பள்ளிக்கு வயல் எழுதி வைத்தவர்களும் இருந்தார்கள். கொடுக்காதவரை யார் கேட்டது?

இப்போது களவெட்டியும் இல்லை. மெசின் வெட்டுகிறது, மூட்டை வரம்பிலேயே லொறியில் ஏறுகிறது. முன்பு சூடு மிதிக்கும் நாளில் சுளகோடு வந்து நின்ற கிழவிகளுக்கு, இன்று எந்த வயலில் எப்போது அறுவடை என்றே தெரியாது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லுவேன். அவனுடைய வாப்பாவும் வயற்காரர்தான்.