ஓடுபாதையும் பந்தயச் சாரதியும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9ஆந் திகதி வியாழக்கிழமை காலையில், அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் அதனை அடுத்த சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டுமாரி பொழிந்து, முந்திய இரவே துறைமுகத்தை விட்டு நீங்கியிருந்த ஹேர்மிஸ் என்னும் பிரித்தானியக் கப்பலையும் மட்டக்களப்புக் கடலில் முந்நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு ஆழ்த்திவிட்டுத் திரும்பின. அதற்கு ஒன்பதாம் நாள், ஏப்ரல் 18இல், இங்கிருந்து பல்லாயிரம் மைல் தூரத்திலுள்ள ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஓர் ஆண்மகவு ஜனித்தது. மறு ஆண்டு ஜூலை மாதத்தில் ஹாம்பர்க் நகரின் மீது நேசதேசத்தார் வீசிய குண்டுகளால் தந்தையையும் தாயையும் ஒருங்கே இழந்து, ஒஸ்திரியாவின் கிராஸ் நகரில் தாய்வழிப் பாட்டன் பாட்டியரிடம் வளர்ந்த அம்மகவுதான், பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தய உலகில் பிரக்யாதி பெற்ற யோகன் றிண்ட்.

இவ்விரு சம்பவங்களும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் திருகோணமலையில் பிறந்து வளர்ந்த ஒருவன் றிண்டின் விருத்தாந்தத்தைப் படிக்குந்தோறும், அந்த இளைஞனைச் சாரதியாக்கிய ஒஸ்திரிய நிலமும் நம்மூர்ச் சீனன்குடா நிலமும் ஓரினத்தைச் சேர்ந்தவை என்பதை எண்ணாமல் இருக்க முடியாது. இரண்டும் யுத்த விமானங்களுக்காகச் சமன்செய்யப்பட்டவை. ஒன்றில் பந்தயக் கார்கள் ஓடின; மற்றொன்று பந்தயத்திடல் என்று பேர்பெறவேயில்லை. இந்த வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே இங்கு நம் நோக்கம்.

இரு மகாயுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், தன் கீழ்த்திசைக் கடற்படைக்கு எண்ணெய் சேமிக்கும் பொருட்டு ஆங்கில அரசாங்கம் துறைமுகத்தின் கரையோரக் காட்டில் ஏறக்குறைய நூறு பெருங் குதங்களை நிறுவிற்று. அக்குதங்களுக்கு அணித்தாகவே விமானத்தளமும் அமைந்தது. 1942இன் தாக்குதலில் ஜப்பானிய விமானமொன்று குதமொன்றின் மீது மோதி விழ, அது பல நாட்கள் எரிந்துகொண்டிருந்தது. தீயில் உருகி மடிந்த அதன் இரும்புத் தகடுகளைப் பார்த்தவர்கள் நம்மூரில் அநேகர். ஆனால் அந்தத் தளத்தின் சரித்திரம் அந்த ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிட்டதென எண்ணுவது தவறு. 1944 ஆகஸ்ட் மாதத்தில், சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாக்குவதற்காக, அமெரிக்கரின் பி-29 என்னும் இராட்சத விமானங்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை சீனன்குடாவிலிருந்தே புறப்பட்டன. அவற்றின் பாரத்தைத் தாங்கும்படி இங்குள்ள ஓடுபாதை 7,200 அடி நீளத்துக்கு விஸ்தரிக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கை முழுவதிலும் ஒரு மோட்டார் வண்டி தன் முழு வேகத்தையும் காட்டத்தக்க தடையற்ற நேர்கோட்டுத் தரை இதுபோல் வேறெங்கே இருந்திருக்கக் கூடும்?

யுத்தம் ஓய்ந்தபின் ஐரோப்பாவில் இத்தகைய தளங்கள் நூற்றுக்கணக்கில் வேலையற்றுக் கிடந்தன. பந்தயப் பிரியர்களுக்கு அவை கிடைத்தற்கரிய சம்பத்தாயின. பொதுவீதியில் பந்தயம் நடத்தினால் வீதியை மறிக்க வேண்டும். மரமும் மதிலும் பாலமும் சாரதிக்குக் காலனாகும். சனங்கள் கரையில் நெருங்கி நிற்பார்கள். விமானத்தளத்திலோ இந்த இடர் எதுவுமில்லை. அகன்ற கொங்கிறீற்றுத் தரை, சுற்றிவரும் ஓர் எல்லைப் பாதை, திருப்பங்களைக் குறிப்பதற்குச் சில வைக்கோற் கட்டுகள், இவை போதும். தவறிய கார் புற்றரையில் சுழன்று நிற்கும், சாரதி உயிரோடு எழுந்து வருவான். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டன் அவ்வாறு உருமாறிய குண்டுவீச்சு விமானத்தளமே. 1950ஆம் ஆண்டு மே 13ஆந் திகதி உலக சாம்பியன் பட்டத்துக்கான முதற் பந்தயம் அங்கேதான் ஓடப்பட்டது. ஒஸ்திரியாவில் வியன்னாவின் பழைய விமான நிலையமாகிய ஆஸ்பேர்னும், ஸ்டிரியா மாகாணத்துச் செல்ட்வெக் தளமும் பந்தயத்திடல்களாயின.

அத்திடல்களில் பழகியவனுக்கு ஒரு விசேஷமான பயிற்சி வாய்த்தது. மலைப்பாதையில் ஓட்டுபவன் இந்த மரத்தடியில் பிரேக்கை மிதிக்க வேண்டும், அந்தப் பாறையருகில் திரும்ப வேண்டும் என்று அடையாளம் வைத்துக்கொள்வான். வெட்டவெளியான ஓடுபாதையிலோ அடையாளமென்று எதுவுமில்லை. தூரத்தையும் வேகத்தையும் கண்ணாலும் உடலாலும் அளந்தறியும் சாமர்த்தியம் இருந்தாலன்றி அங்கு வெல்ல இயலாது. கொங்கிறீற்றுப் பலகைகள் பொருந்தும் மூட்டுகள் ஒவ்வொன்றும் சக்கரத்தை இடித்து வண்டியின் எலும்பை முறித்தன. 1964 ஆகஸ்டில் செல்ட்வெக்கில் நடந்த ஒஸ்திரிய கிராண்ட் பிறீ பந்தயத்தில், முன்னணியிலிருந்த கார்கள் பலவும் அந்த அதிர்ச்சியாலேயே பழுதுற்று விலகிவிட, லொறென்சோ பாந்தினி என்னும் இத்தாலியர் தம் வாழ்நாளின் ஒரே கிராண்ட் பிறீ வெற்றியைப் பெற்றார். அப்பந்தயத்திலேதான் இருபத்திரண்டு வயது றிண்ட் முதன்முதலாக அவ்வுயர்ந்த வரிசையில் இடம்பெற்று, பிரபம் காரொன்றை ஓட்டி, பாதியிலே ஸ்டியரிங் கோளாற்றால் நின்றார்.

அந்த இடத்தை அடைவதற்கு அவர் கடந்த வழி நெடியதன்று; மிகச் செங்குத்தானது. 1961இல் பாட்டியாரின் சிம்கா காரை எடுத்துக்கொண்டு விமானத்தளப் பந்தயமொன்றில் இறங்கி, அபாயகரமாக ஓட்டியதற்காகக் கறுப்புக் கொடி காட்டப்பட்டபோது அதன் பொருளும் அறியாதவராய் ஓடிக்கொண்டே இருந்தார் என்பது அவர் கதையின் ஆரம்பம். அடுத்து ஓர் அல்பா றோமியோ; பின்பு போர்முலா ஜூனியர்; அதன்பின் போர்முலா இரண்டுக்குரிய கார் ஒன்று. இவ்வளவுக்கும் மூலதனமாய் நின்றது அவருடைய பெற்றோர் மைன்ஸில் விட்டுச்சென்ற மசாலைச் சரக்கு ஆலை. மிளகும் கறுவாவும் ஏலமும் விளையும் தேசத்தில் வாழும் நமக்கு, அச்சரக்குகளை அரைத்து விற்ற ஆலையின் பொருளே ஓர் உலக வீரனை வளர்த்தது என்னும் செய்தி தனிச்சுவை தருகிறது. 1964 மே மாதத்தில் லண்டன் கிறிஸ்டல் பலஸ் திடலில், முன்பு உலக சாம்பியனாயிருந்த கிரஹாம் ஹில்லை அவர் வென்றபோது பத்திரிகைகள் திகைத்தன. மறு ஆண்டில் மாஸ்டன் கிரெகரியுடன் கூட்டாக லு மான் இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் பெராரி காரோட்டி ஜயித்தார்.

கூப்பர், பிரபம், லோட்டஸ் என்று ஸ்தாபனங்கள் மாறியும், கிராண்ட் பிறீ வெற்றி என்பது 1969இன் இறுதியில், அமெரிக்காவில்தான் அவருக்குச் சித்தித்தது. 1970இல் மொனாக்கோவிலும், தொடர்ந்து ஒல்லாந்து, பிரான்சு, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய நான்கு தேசங்களிலும் வென்றார். செப்டெம்பர் 5ஆந் திகதி, இத்தாலியின் மொன்சாத் திடலில் பயிற்சி ஓட்டத்தின்போது கார் தடுப்பில் மோத, இருபத்தெட்டாம் வயதில் உயிர்துறந்தார். எஞ்சிய பந்தயங்களில் எவராலும் அவர் சேர்த்த புள்ளிகளைத் தாண்ட முடியாமற் போகவே, மரித்தபின் உலக சாம்பியன் ஆன ஒரே சாரதி என்னும் கீர்த்தி அவருக்காயிற்று. பிறப்பால் ஜெர்மன் பிரஜையாகவே இறுதிவரை இருந்த அவர், ஒஸ்திரிய அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டினார். ஒஸ்திரியரோ அவரைத் தம் மகன் என்றே கொண்டாடி, கிராஸ் நகரில் அடக்கஞ்செய்தனர். வளர்த்த மண்ணுக்கு உரிமை கூடுதல் என்று கருதும் எவரும் இதை நியாயமென்றே கொள்வர்.

இனி நம் தேசத்துக்கு வருவோம். இலங்கையில் மோட்டார்ப் பந்தயம் மலைநாட்டுத் தோட்டத்துரைமாரின் வினோதமாகத் தொடங்கிற்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே நடந்தது. வளைந்தேறும் தேயிலைத் தோட்டப் பாதையில் ஒவ்வொரு காராக நேரம் குறித்து ஓட்டும் முறை அது. சமதரைப் பந்தயத்துக்கு வேண்டிய இடத்தை இங்கும் யுத்தமே தந்தது. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தையில் பிரித்தானியக் கடற்படை விமானப் பிரிவினர் யுத்தகாலத்தில் நிறுவிய தளம், அவர்கள் சென்றபின் கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் பாயும் திடலாயிற்று. அதே கடற்படை விமானப் பிரிவு சீனன்குடாவிலும் இருந்தது; கட்டுக்குருந்தைக்கு உக்குசா என்றும் சீனன்குடாவுக்குப் பம்பரா என்றும் கப்பற் பெயர்களை அவர்கள் சூட்டியிருந்தனர். ஒரே அதிகாரத்தின் கீழிருந்த இரு தளங்களில் ஒன்று ஜனங்களின் கைக்கு வந்தது, மற்றொன்று வரவில்லை.

காரணம் துறைமுகத்தின் மகிமையே. உலகத்தின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று போற்றப்படும் இடத்தைச் சூழ்ந்த நிலத்தை எந்த அரசாங்கமும் விளையாட்டுக்கென்று விட்டுவிடுவதில்லை. யுத்தம் முடிந்தும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலேயர் இங்கே நிலைத்திருந்தனர். 1957 அக்டோபரில், பண்டாரநாயக்கா பிரதமராயிருந்தபோது, கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்புவிக்கப்பட்டது. டொக்யாட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல அந்த மாற்றத்தால் சீவனோபாயம் இழந்தன என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை. கடைசல் வேலையும் இயந்திர வேலையும் கைவந்த தொழிலாளர் அத்தனைபேர் ஒரு சிறு நகரத்தில் இருந்தும், அவர்களுடைய வித்தை புதிய தொழில்களுக்கு மூலமாகாமற் சிதறியது நமக்கு நேர்ந்த பெருநட்டம். பந்தயக் காருக்கு வேண்டியது சாரதியின் துணிவு மட்டுமன்று. அவனுக்குப் பின்னால் நிற்கும் மெக்கானிக்கின் கைத்திறனும் அதில் பாதி. சீனன்குடா ஓடுபாதையோ தேசத்தின் விமானப்படைக்குச் சென்றது. இன்றும் விமானப்படைக் கல்விக்கழகம் அங்கேயே இயங்குகிறது. உள்நாட்டு யுத்தம் நீடித்த ஆண்டுகளில், வேலிக்கும் காவலுக்கும் அப்பாலிருந்த அந்த நிலம் அயற்கிராமத்தவரின் எண்ணத்துக்கும் எட்டாததாயிற்று.

கடலுக்கு அக்கரையில் வேறொரு விதமாய் நிகழ்ந்தது. சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்துள்ள சோழவரத்திலும் யுத்தகாலத்து ஓடுபாதை ஒன்று இருந்தது. 1953இல் ஸ்தாபிக்கப்பட்ட சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களுக்குத் தென்னாடெங்கிலுமிருந்து சனங்கள் திரண்டனர். இலங்கைச் சாரதிகளும் அங்கு சென்று போட்டியிட்டனர். கோயம்புத்தூர் ஆலையதிபர் குடும்பத்தைச் சேர்ந்த கரிவர்தன், மாருதி காரின் இயந்திரத்தைக்கொண்டு ஒற்றை ஆசனப் பந்தயக் கார்களைச் செய்வித்து, அதுவரை சீமான்களுக்கே உரியதாயிருந்த வித்தையை நடுத்தர இளைஞர்களுக்கும் அணுகத்தக்கதாக்கினார். 1995இல் விமான விபத்தில் அவர் காலமானார். தமிழுலகத்து மோட்டார்ப் பந்தயத்துக்கு அவரைப் போல் உபகாரம் செய்தவர் பிறரில்லை என்பது என் துணிபு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு திடல் கட்டப்படவே, சோழவரத்தின் காலம் நிறைவெய்தியது.

இந்தப் பாரம்பரியத்தின் பலனாக வந்தவர் நாராயண் கார்த்திகேயன். தென்னிந்திய ராலியில் பலமுறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயனின் மைந்தராகிய இவர், பதினைந்து வயதில் பிரான்சின் பந்தயப் பள்ளியொன்றிற் பயின்று, 1993இல் போர்முலா மாருதியிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் போர்முலா போர்டிலும் ஓட்டி, 2005 மார்ச் 6ஆந் திகதி மெல்பேர்ண் நகரில் ஜோர்டான் காரோடு போர்முலா ஒன்றில் பிரவேசித்த முதல் இந்தியரானார். அவ்வாண்டிலேயே இந்தியனாபொலிசில் நான்காம் இடம் பெற்றார். அன்று டயர்ச் சர்ச்சையால் ஆறு கார்களே ஓடின என்று அதைக் குறைத்துச் சொல்வோருண்டு. ஓடிய ஆறினுள் ஒன்றாக வரிசையில் நிற்பதற்கே ஒருவர் எத்தனை ஆண்டு உழைக்க வேண்டும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அவருக்குப் பின் 2010இல் சென்னையின் கருண் சந்தோக் அவ்வரிசையை எட்டினார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக் சென்னை கிளப்பின் மூலபுருஷர்களில் ஒருவர்.

ஆகவே றிண்டின் பாதையையும் நாராயணின் பாதையையும் அருகருகே வைத்து நோக்கினால், திடல், சங்கம், குடும்பப் பொருள் ஆகிய மூன்றுமே இரண்டிலும் தூண்களாய் நிற்கக் காண்கிறோம். இம்மூன்றில் பொருளின் பங்கை மட்டும் மனவுறுதியால் ஒருவாறு ஈடுசெய்யலாம் என்பதற்கு ஒஸ்திரியாவின் மற்றொரு பெருஞ் சாரதியாகிய நிக்கி லௌடாவே சாட்சி. செல்வக் குடும்பத்திற் பிறந்தும் பாட்டனாரின் எதிர்ப்பால் வீட்டார் உதவி கிட்டாமல், வங்கியிற் கடன்பட்டே கார் வாங்கிய அவர், 1975, 1977, 1984 என மூன்று முறை உலக சாம்பியனானார். 1976 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் தீயில் வெந்து, ஆறு வாரங்களில் மீண்டும் காரில் அமர்ந்தார். ஆயினும் திடலும் சங்கமும் இல்லாத ஊரில் லௌடாவே பிறந்திருந்தாலும் அவருடைய கடன் எதற்குப் பயன்பட்டிருக்கும்?

திருகோணமலையின் பிள்ளைகளுக்கு மோட்டாரில் ஆசை குறைவென்று எவரும் சொல்ல மாட்டார். கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் பழைய உழவு இயந்திரத்தையும் வள்ளத்து என்ஜினையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த இளைஞர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். வேகத்தில் மோகங்கொண்டவர்கள் நிலாவெளி வீதியிலே, மாடும் பாடசாலைப் பிள்ளையும் குறுக்கிடும் இடத்திலே, மோட்டார்ச் சைக்கிளை முறுக்கித் தம் உயிருக்கும் பிறர் உயிருக்கும் தீங்கு தேடிக்கொள்வதைப் பார்த்து நாம் வருந்துகிறோம். அவர்களைக் கண்டித்தும் பேசுகிறோம். ஆனால் அவர்களுக்கென்று ஓரிடம் கொடுத்ததில்லை. பெரிய ஓடுபாதையை விமானப்படையினர் வைத்துக்கொள்ளட்டும். அத்தளத்தைச் சூழ்ந்த பரந்த நிலத்தில் ஒரு மூலையைச் சமன்செய்து, சிறுவர் ஓட்டிப் பழகும் கார்ட் வண்டிகளுக்கு அரை மைல் வளைபாதை ஒன்றை அமைத்து, மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலேனும் பயிற்சி பெற்றோர் மேற்பார்வையில் திறந்துவிடும்படி மாவட்டத்து அதிகாரிகளையும் நகரசபையாரையும் கேட்பது மிகையான விண்ணப்பமன்று.