நாடு எழுவாயாகும் வாக்கியம்: சமூகக் கல்வியும் சர்வதேச உறவுகளும்

பாடநூல்களும் இலக்கிய நூல்களைப் போன்று மொழியாலானவையே. ஆயினும் நம் ஆய்வாளர் அவற்றின் பொருளடக்கத்தை நோக்குமளவிற்கு வாக்கியங்களை நோக்குவதில்லை. ‘இலங்கை தேயிலையை ஏற்றுமதி செய்கின்றது’, ‘பிரித்தானியா இயந்திரங்களை அனுப்புகின்றது’, ‘இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன’ என்பன போன்ற வாக்கியங்களில் எழுவாயாக நிற்பது நாடு. கொழுந்து பறித்தவளும், அதனைக் கப்பலேற்றிய கம்பனியும், இலாபத்தைப் பங்கிட்டோரும் அவ்வெழுவாய்க்குள் மறைந்துவிடுகின்றனர். மாணவர்க்கு உலக அறிவை ஊட்டுவதாகக் கூறப்படும் சமூகக் கல்விப் பாடத்தின் வரலாற்றை இவ்விலக்கணப் பிரச்சினையிலிருந்து தொடங்குவது பொருந்தும் என நாம் கருதுகின்றோம். அப்பாடம் உருப்பெற்ற ஐக்கிய அமெரிக்காவில் ஒரு நூலாசிரியர் இவ்வாக்கியத்தை மாற்ற முனைந்தபோது நிகழ்ந்தவற்றை முதலிலும், நம் நாட்டு வகுப்பறையின் நிலைமையைப் பின்னரும் நோக்குவோம்.

அமெரிக்காவின் தேசியக் கல்விச் சங்கம் நியமித்த குழுவொன்று 1916இல் வெளியிட்ட அறிக்கையே சமூகக் கல்வி என்னும் பெயருக்கு நிலையான இடத்தைப் பெற்றுக்கொடுத்தது. தொழிற்சாலைகளும் நகரங்களும் பெருகி, ஐரோப்பாவிலிருந்து இலட்சக்கணக்கான ஏழை மக்கள் வந்து குடியேறிய காலம் அது. வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை இணைத்து நற்பிரசையை உருவாக்குதல் குறிக்கோளாகக் கூறப்பட்டது. யாருக்கு நல்ல பிரசை என்ற வினா அவ்வறிக்கையில் எழவில்லை.

அவ்வினாவை, தாம் முற்றாக உணராமலே எனலாம், வகுப்பறைக்குட் கொண்டுவந்தவர் ஹரோல்ட் ரக். கட்டடப் பொறியியல் பயின்று பின்னர் கல்வித்துறைக்கு வந்த இவர், 1920 முதல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியிற் பணியாற்றினார். 1920களில் சிறுநூல்களாக எழுதிப் பாடசாலைகளிற் பரீட்சித்துப் பார்த்தவற்றை, 1929 முதல் ‘மனிதனும் மாறிவரும் அவனது சமூகமும்’ எனப் பொருள்படும் தலைப்பில் ஒரு வரிசையாக வெளியிட்டார். மன்னர், போர், ஆண்டு என்ற ஒழுங்கினைக் கைவிட்டு, பண்டங்கள், தொழில், வாழ்க்கைத்தரம் ஆகியவற்றிலிருந்து தொடங்குவது அந்நூல்களின் முறை. அமெரிக்கக் குடும்பங்களுக்கிடையே வருமானம் எவ்வாறு ஏற்றத்தாழ்வாக உள்ளது, விளம்பரம் நுகர்வோனை எவ்வாறு ஆட்டுவிக்கின்றது என்பன பன்னிரண்டு, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் பாடமாயின. அதே நோக்கிற் பிற நாடுகளும் அணுகப்பட்டன. பிரித்தானியா, ஜேர்மனி, ரஷ்யா, சீனா, யப்பான், இந்தியா ஆகியவை தலைநகரும் விளைபொருளுமாக வரிசைப்படுத்தப்படாது, கைத்தொழிலாலும் சந்தையாலும் ஒன்றோடொன்று பின்னப்பட்டு மாறிவரும் சமூகங்களாகக் காட்டப்பட்டன. முதற் பத்தாண்டில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, தந்தையர் வேலையிழந்து வீட்டிலிருந்தபோது, இந்நூல்கள் இத்துணை வரவேற்புப் பெற்றமை வியப்புக்குரியதன்று.

எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பெற்றோரிடமிருந்தோ வரலாற்றறிஞரிடமிருந்தோ அது முதலில் வலுப்பெறவில்லை. விளம்பரத்தொழிலாளரின் சம்மேளனம் முன்னின்றது. ‘தொழிலாளர்’ என நாம் எழுதுவது அத்தொழிலின் அதிபர்களையே. ஹேர்ஸ்ற் நிறுவனப் பத்திரிகைகள் தொடர்ந்தன. பழைய போர்வீரர் அமைப்பாகிய அமெரிக்க லீஜனின் சஞ்சிகை 1940 செப்ரெம்பரில் பாடநூல்களில் தேசத்துரோகம் என்ற தலைப்பிற் கட்டுரை வெளியிட்டது. உற்பத்தியாளர் தேசியச் சங்கமோ சமூகக் கல்விப் பாடநூல்களை வாசித்துச் சுருக்கம் எழுதுவதற்கென்றே ஒரு பொருளியலாளரை அமர்த்தியது. முதலாளிகள் பாடநூல்களை இவ்வளவு கவனமாகப் படித்தமை கல்வி வரலாற்றில் அரிய நிகழ்ச்சி! ஒஹாயோ மாநிலத்தின் பிராட்னர் என்னும் சிற்றூரில் ரக்கின் நூல்கள் எரிக்கப்பட்டன. 1938இல் ஏறத்தாழ 2,89,000 ஆக இருந்த ஆண்டு விற்பனை 1944இல் 21,000 அளவிற்கு வீழ்ந்தது.

ரக் மார்க்சியவாதியல்லர். நிபுணர்கள் திட்டமிட்டால் சமூகத்தைச் சீர்செய்துவிடலாம் என்ற பொறியியலாளனின் நம்பிக்கையே இறுதிவரை அவரிடம் இருந்தது. வர்க்கப் போராட்டம் அவரது நூல்களில் இடம்பெறவில்லை. ஆயினும் நாட்டினை எழுவாய் நிலையினின்று சற்று விலக்கி, உற்பத்தி செய்வோனையும் உடைமையாளனையும் எட்டிப்பார்க்க இடமளித்தமையே அவர்மீது சுமத்தப்பட்ட குற்றமாயிற்று.

போருக்குப் பிற்பட்ட காலத்தில் நிலைமை மேலும் இறுகியது. பொருளாதாரத்தை அவ்வளவாகத் தொடாத உலக நல்லெண்ணக் கல்விகூடத் தப்பவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பாடசாலைகளில் யுனெஸ்கோ பற்றிய ஆசிரியர் கைநூல் 1952இல் மீளப்பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அத்திட்டமே நிறுத்தப்பட்டது. 1974 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு ஏற்றுக்கொண்ட சர்வதேசப் புரிந்துணர்வுக் கல்வி பற்றிய விதப்புரை, நாடுகளுக்கிடையிலான முரண்பாடுகளின் பொருளாதார, அரசியற் காரணிகளை விமர்சனரீதியாக ஆராய்வது கல்வியின் ஒரு கூறாதல் வேண்டுமென்று வெளிப்படையாகவே கூறியது. அக்காலத்திற் சோசலிச நாடுகளும் விடுதலைபெற்ற நாடுகளும் அவ்வவையிற் பெற்றிருந்த பலத்தை இவ்வாசகத்திற் காணலாம். நடைமுறையில் மிஞ்சியதோ கொடிகளும், ஐக்கிய நாடுகள் தினக் கொண்டாட்டமும், தாபனங்களின் பெயர்ப்பட்டியலுந்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். குடியேற்றக் காலக் கல்வியில் உலக அறிவு இல்லாமற் போகவில்லை. இங்கிலாந்தின் ஆறுகளையும் துறைமுகங்களையும் ஒப்புவிக்கவல்ல மாணவர் பலர் இருந்தனர். அது இலண்டனிலிருந்து காணப்பட்ட உலகம் என்பதே வேறுபாடு. 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சியின் பின்னணியில், 1972இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம் கனிட்ட இடைநிலை வகுப்புகளில் வரலாறு, புவியியல், குடியியல் ஆகியவற்றை இணைத்துச் சமூகக் கல்வியாக்கியது. வரலாறு கரைந்துவிட்டதென்ற குறை தொடர்ந்து கூறப்பட்டது; இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. பாடங்களை இணைப்பதா பிரிப்பதா என்பதிலேயே விவாதம் தேங்கியது. இணைத்த பாடத்தின் வாக்கியங்களில் எழுவாய் யார் என்பதைக் கேட்டோர் சிலரே.

ஓர் எடுத்துக்காட்டு. 1952 டிசெம்பரிற் கைச்சாத்தான இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பர் சீனாவுக்கும், 2,70,000 மெற்றிக் தொன் அரிசி இலங்கைக்கும் செல்வதாக ஏற்பாடாயிற்று. ‘இலங்கையும் சீனாவும் ஒப்பந்தம் செய்தன’ என்று ஒரு வரியிற் கூறிவிடலாம். ஆனால் கம்யூனிச எதிர்ப்பையே கொள்கையாகக் கொண்ட ஓர் அரசாங்கம், இராசதந்திர உறவுகூட இல்லாத மக்கள் சீனத்திடம் ஏன் சென்றது? கொரிய யுத்தத்தால் ஏறிய இறப்பர் விலை சரிந்திருந்தது. அரிசி விலையோ ஏறியிருந்தது. சீனாவுக்கு இறப்பர் விற்பதை 1951இல் ஐக்கிய நாடுகளின் தடை குறுக்கிட்டது. தடையை மீறிய இலங்கைக்கு அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. சந்தை விலையிலும் மேலான விலையைச் சீனா தந்தது. களுத்துறையிற் பால்வெட்டுபவரின் உழைப்பு இவ்வாறு சங்கக்கடை அரிசியாக மீண்டது. ஆயினும் அடுத்த ஆண்டே கூப்பன் அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, 1953 ஆகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்ரோபரிற் பிரதமர் பதவி விலகினார். வெளியுறவில் ‘இலங்கை’ என ஒன்றாகத் தோன்றிய எழுவாய், அரிசிப்படியின் முன் இரண்டாகப் பிளந்தமையை இதனினும் தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

சர்வதேச உறவென்பது தொலைவிலுள்ள ஒன்றெனக் கருதும் ஆசிரியர்க்கு மலையகத் தோட்டப் பாடசாலையைக் காட்டல் தகும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களைப் பற்றி 1964 ஒக்ரோபர் 30இல் இரு பிரதமர்கள் உடன்பட்டனர். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர். 1974இல் அம்மிகுதியும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இறப்பரும் அரிசியும் தொன் கணக்கில் எழுதப்பட்ட அதே நடையில் மனிதர் தலைக்கணக்கில் எழுதப்பட்டனர். அவ்வாக்கியங்களில் எழுவாய் இலங்கையும் இந்தியாவுமே. தோட்டத் தொழிலாளர் செயப்படுபொருள்.

1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, புதிய சமூகக் கல்விப் பாடமும் அங்குச் சென்றது. ஒரே வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் ஒருவரின் குடும்பம் இலங்கைப் பிரசாவுரிமைக்கும், மற்றொருவரின் குடும்பம் இந்தியக் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பித்திருந்தது. அயல்நாட்டுறவு என்ற அத்தியாயம் அவர்களுக்கு வீட்டுச் செய்தி. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்ற கப்பல் 1984இல் நின்றுபோயிற்று. இந்தியாவுக்கென ஒதுக்கப்பட்டோருட் பலர் தோட்டங்களிலேயே தங்கினர். நாடற்றோராயிருந்தோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேற்றப்பட்டன. 1974இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை அப்போது முப்பத்தைந்து வயதை எட்டியிருந்தது.