குரல் போன கதை

என் பெரியப்பாவுக்குச் சொத்து அதிகம் இல்லை. அபிப்பிராயங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றில் முக்கால்வாசி சினிமாவைப் பற்றியவை. சென்னை மண்ணடியில் ஒரு சிறு அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஒரு காகிதக் கடையில் கணக்கு எழுதிய காலத்தில் அவர் சம்பாதித்தவை அந்த அபிப்பிராயங்கள்தாம். எனக்கு விவரம் தெரிந்த நாளில் அவர் ஊரோடு வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

1944ஆம் வருஷம் தீபாவளிக்கு பிராட்வே கொட்டகையில் 'ஹரிதாஸ்' வந்தது. பெரியப்பா அதைப் பதினோரு தடவை பார்த்தார். தியாகராஜ பாகவதரின் கிராப்பை அவரும் வைத்துக்கொண்டார். அறையில் கூட இருந்த நண்பரோ பி.யு.சின்னப்பாவின் கட்சி. ராத்திரி விளக்கை அணைத்த பிறகும் வாக்குவாதம் அணையாது.

"உத்தம புத்திரனிலே சின்னப்பா இரண்டு வேஷம் கட்டினாரே, உங்க பாகவதர் ஒரு வேஷத்தையாவது ஒழுங்கா நடிச்சிருக்காரா?" என்பார் நண்பர்.

"நடிப்பு எதுக்கய்யா? அதுதான் பாடறாரே!" என்பார் பெரியப்பா.

கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த ஒரு பதிலுக்குள் தமிழ் சினிமாவின் முதல் பதினைந்து வருஷச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

1931இல் 'காளிதாஸ்' வந்தபோது சினிமாவுக்கென்று தனியாக நடிகர்கள் கிடையாது. நாடகக் கொட்டகைதான் ஆட்களைக் கொடுத்தது. அந்த நாடகமேடையில் மைக் இல்லை. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதிலும் பாட்டு விழவேண்டுமானால், மேல் சுருதியில் கணீரென்று எடுத்தாக வேண்டும். எஸ்.ஜி.கிட்டப்பா ராஜாவாக விளங்கியது அந்தக் குரலால்தான். பாகவதரும் சின்னப்பாவும் அந்த மேடையில் பழகி வந்தவர்களே. படம் பிடிக்கும்போதே பாட்டையும் பதிவு செய்த நாள் அது. ஆகையால் பாடத் தெரிந்தவர்தான் கதாநாயகன்; வேறு வழியில்லை. ஒரே படத்தில் நாற்பது, ஐம்பது பாட்டுகள் வந்ததும் உண்டு. ஜனங்கள் கதைக்காகப் போகவில்லை. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர்களுக்குத் தெரியாத கதைகளா? பாட்டுக்காகப் போனார்கள்.

'ஹரிதாஸ்' வெளிவந்த அந்த வருஷம் முடிவதற்குள் ஒரு இடி விழுந்தது. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. லண்டன் பிரிவி கௌன்சில் வரைக்கும் போய், வழக்கு மறுபடி சென்னை ஹைகோர்ட்டுக்கே திரும்பி, 1947இல் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். கதாநாயகன் சிறைக்குள் இருக்கிறார். 'ஹரிதாஸ்' பிராட்வேயில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அதே கொட்டகையில் அது மூன்று தீபாவளிகளைக் கண்டது. மனிதரை உள்ளே வைத்துப் பூட்டிய பிறகும் அவர் நிழலைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். பெரியப்பாவும் நின்றார். விடுதலைச் செய்தி வந்த அன்று அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொந்தச் செலவில் ஜிலேபி வாங்கிக் கொடுத்தாராம்.

மறுவருஷம் பாகவதர் தாமே தயாரித்த 'ராஜமுக்தி' வெளிவந்தது. புதுமைப்பித்தன் வசனம் எழுதிய படம். அந்த வேலைக்காகப் புனாவுக்குப் போன இடத்தில் காசநோய் முற்றி, படம் வெளிவருமுன்பே 1948 ஜூனில் அவர் மறைந்தார். சிறுகதை எழுதுகிறவர்கள் அந்தப் படத்தின் பெயரைக் கேட்டால் இன்றும் ஒரு கணம் மௌனமாகிவிடுவது அதனால்தான். படம் ஓடவில்லை. 1952இல் வந்த 'அமரகவி'யும், பிறகு வந்தவையும் பழைய பாகவதரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 1959 நவம்பர் முதல் தேதி அவர் காலமானார்.

ஏன் இப்படி என்று பெரியப்பாவைக் கேட்டால் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார்: "ஜெயில்ல குரல் போயிடுச்சுடா."

பல வருஷங்கள் நானும் இதை நம்பினேன். ஒரு நாள் சந்தேகம் வந்தது. அதே வழக்கு, அதே தண்டனை, அதே நாளில் விடுதலை, ஆனால் என்.எஸ்.கிருஷ்ணனை ஜனங்கள் உடனே மறுபடி ஏற்றுக்கொண்டார்களே! 1949இல் 'நல்லதம்பி', 1951இல் 'மணமகள்' என்று அவர் பழையபடியே ஜொலித்தார். ஆகவே சிறைவாசத்தின் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை.

நடந்தது வேறு. 1938இலேயே 'நந்தகுமார்' படத்தில் ஒருவர் வாயசைக்க, வேறொருவர் பாடும் தந்திரம் தமிழுக்கு வந்துவிட்டது. நாற்பதுகளின் கடைசியில் அது வழக்கமாகிவிட்டது. யுத்த காலத்தில் பிலிம் பஞ்சம் வந்து, படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டபோது பாட்டுகளும் குறைந்தன. பிறகு அண்ணாதுரையின் 'வேலைக்காரி' 1949இல் வந்தது. 1952இல் கருணாநிதியின் வசனத்தோடு 'பராசக்தி' வந்தது. புதிதாக வந்த சிவாஜி கணேசன் பேசினார், பாட்டை சி.எஸ்.ஜெயராமன் பார்த்துக்கொண்டார். மைக்குக்கு அருகில் நின்று மெதுவாகப் பாடினாலே போதும் என்ற காலத்தில், கடைசி வரிசைக்காகப் பழக்கிய குரலுக்கு வேலை ஏது? பாகவதரின் பாணியில் பாடத் தொடங்கிய டி.எம்.சௌந்தரராஜன்கூட முகங்களுக்குத் தகுந்தபடி குரலை மாற்றிக்கொண்டுதான் நிலைத்தார். பாகவதரோ கடைசிவரை தமக்குத் தாமே பாடினார். நகைச்சுவை எந்தக் காலத்திலும் தன்னை மாற்றிக்கொள்ளும். பாட்டு அப்படி மாறச் சம்மதிக்கவில்லை.

இந்த நியாயமெல்லாம் பெரியப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. ஆனால் ஒரு மத்தியானம் இலங்கை வானொலியில் 'ராஜமுக்தி' பாட்டு ஒன்று போட்டார்கள். பெரியப்பா பாதிச் சாப்பாட்டில் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்தது.

"யாருடா சொன்னது, இந்த மனுஷனுக்குக் குரல் போயிடுச்சுன்னு?" என்றார் கோபமாக.

"நீங்கதான் பெரியப்பா."

அவர் இலையைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லைடா. கடையிலே எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றார்.

ஜிலேபி வாங்கிக் கொடுத்தவர் நாலு அணா டிக்கெட் வாங்கவில்லை!

பெரியப்பாவைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன வாரம்கூட ஒரு புதுப் படத்தைப் பற்றி, "தேறாது" என்று நண்பரிடம் அடித்துச் சொன்னேன். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை.