புள்ளி சிங்கப்பூர்: ஒரு பன்னிரண்டு வருஷக் கணக்கு

இணைய முகவரி முழுவதையும் தமிழிலேயே எழுதலாம். கடைசியில் ஒரு புள்ளி வைத்து 'சிங்கப்பூர்' என்றே முடிக்கலாம். 2011-லிருந்து இந்த வசதி இருக்கு. ஆனா சிராங்கூன் சாலையில் தேக்கா சந்தையிலிருந்து முஸ்தபா வரைக்கும் நடந்து பாருங்க. கடைப் பலகைகளில் தமிழ் நிறைய இருக்கும். தமிழ் முகவரி கண்ணில் படுவது அபூர்வம். இதே வசதியை நம்பி 1999-லேயே இந்த ஊரில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். தொழில் தொடங்க நினைக்கிற நம்ம வயசுக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய கதை அது.

ஆரம்பத்தில் இது வியாபாரமே இல்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறின. தமிழுக்காக உழைத்தவர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. தமிழ் எழுத்து திரையில் வந்தாச்சு. ஆனால் அந்தப் பக்கத்துக்குப் போக ஆங்கில முகவரியைத்தான் தட்டணும். ஏன்னா முகவரி அமைப்பு ஏற்றுக்கொண்டது ஆங்கில எழுத்து, எண், சின்னக்கோடு மட்டும்தான்.

1998-ல் டான் டின் வீயின் குழு இதற்கு வழி கண்டது. பயனர் தமிழிலோ சீனத்திலோ தட்டுவார். மென்பொருள் அதை ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்பும். பழைய அமைப்பைத் தொடவே வேண்டாம். அடுத்த வருஷமே ஐ-டிஎன்எஸ்.நெட் நிறுவனம் பிறந்தது. நேரமும் வாகான நேரம். அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 85 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. சிங்கப்பூர் அரசும் தொழில்நுட்ப முனைவோருக்காக 100 கோடி அமெரிக்க டாலர் நிதியை அறிவித்தது.

கணக்கு சரியாத்தான் இருந்தது: உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் தெரியாது, எல்லாருக்கும் இது வேணும். ஆனால் ஒரு முகவரி உலகம் முழுக்க ஒரே மாதிரி திறக்கணும் என்றால் எல்லாரும் ஒரே மாற்றுமுறையை ஒத்துக்கணும். அதை எந்த நிறுவனமும் தனியாகச் செய்ய முடியாது.

2000 மார்ச் 10-ல் நாஸ்டாக் 5,048 புள்ளியில் முடிந்தது. அதுதான் உச்சம். அதே வருஷம் நவம்பரில் வெரிசைன் சீன, ஜப்பானிய, கொரியப் பெயர்களைப் பதிய ஆரம்பித்தது, ஆனால் வேறொரு மாற்றுமுறையில். 2002 அக்டோபரில் நாஸ்டாக் 1,114-க்கு விழுந்தது. பொதுத் தரம் வந்தது 2003-ல், அதுவும் இன்னொரு மாற்றுமுறையோடு. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்புளோரர் அதை ஏற்றது 2006-ல் வந்த ஏழாம் பதிப்பில்தான். அதுவரை அந்த உலாவி வைத்திருந்தவர் தனியாக ஒரு மென்பொருளை நிறுவிக்கணும். 'சிங்கப்பூர்' என்ற தமிழ் முடிவு 2011-ல் வந்து சேர்ந்தபோது மக்கள் முகவரி தட்டுவதையே குறைத்திருந்தார்கள். தேடுபொறியில் தேடினார்கள், செயலியைத் தொட்டார்கள்.

தொழில்நுட்பம் தோற்கவில்லை. சந்தையின் கடிகாரமும் தரம் உருவாகும் கடிகாரமும் வேற வேற வேகத்தில் ஓடின, அவ்வளவுதான். 2000 ஜூலையில், அதாவது உச்சம் கடந்த நாலு மாசத்தில், இதே சிங்கப்பூரில் தமிழ்க் கணிமைக்காக உத்தமம் அமைப்பு உருவானது. ஒரே குறியாக்கத்துக்குத் தமிழர்கள் வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. அந்த வேலையைத் தன்னார்வலர்கள் இழுத்துக்கொண்டு போக முடிந்தது. அவர்களுக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்தது. நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. மாசம் பிறந்தால் சம்பளம் போடணும்.

இன்றைக்கு ஆயர் ராஜா புளோக் 71-ல் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்களும் சந்தை எவ்வளவு பெரிசு என்றுதான் முதலில் சொல்கிறார்கள். அது பாதிக் கணக்கு. நம்ம பொருள் ஓட இன்னும் யார் யார் சம்மதிக்கணும், அதற்கு எத்தனை வருஷம் ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி, அதற்குள் மக்கள் வேற வழி கண்டுபிடிச்சுட்டா என்ன செய்வது? முதலீடு கேட்கப் போகும் முன் இந்த நாலுக்கும் பதில் எழுதி வச்சுக்கணும். சம்மதம் பிறரிடம் இருக்கு என்றால், இப்பவே காசு தருகிற சின்ன வேலை ஒன்றையும் கையில் பிடிச்சுக்கறது நல்லது.