ஆஷ் கொலை வழக்கு: சான்றும் ஊகமும்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி இரயில் நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர், அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த செங்கோட்டையில் பிறந்து, புனலூரில் வனத்துறைப் பணியாற்றிய வாஞ்சிநாதன். அவர் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தமையால் கொன்றவர் யார் என்பதில் ஐயமில்லை. நோக்கமும் கூட்டுச்சதியின் அளவுமே விவாதத்திற்குரியன.

1908ஆம் ஆண்டுத் திருநெல்வேலித் துப்பாக்கிச்சூட்டிற்கும் சுதேசிக் கப்பல் கழகத்தின் வீழ்ச்சிக்கும் பழிவாங்கலே இக்கொலை என்பது ஒரு கருத்து. தாழ்த்தப்பட்ட பெண் ஒருவரை அக்கிரகாரத் தெரு வழியே ஆஷ் அழைத்துச் சென்றதால் எழுந்த சினமே காரணம் என்பது மற்றொன்று. பின்னதற்குச் சமகால ஆவணச் சான்று காட்டப்படவில்லை.

வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதமோ இவ்விரண்டையும் குறிப்பிடவில்லை. ஆஷின் பெயர்கூட அதில் இல்லை. சனாதன தர்மம் மிதிக்கப்படுவதையும் ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டையுமே அது பேசுகிறது. முன்னைய கருத்திற்குச் சூழல் துணைநிற்பினும் அதுவும் உய்த்துணர்வே. சாதியப் பார்வை இருந்தது என்பதற்குக் கடிதமே போதிய சான்று. அதற்குக் கதை வேண்டுவதில்லை.

மன்னரைக் கொல்ல 3000 பேர் உறுதி பூண்டதாகவும் கடிதம் கூறுகிறது. நீதிமன்றம் ஏறியவர்களோ 14 பேர். தண்டிக்கப்பட்டோர் 9 பேர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுகள் விதிக்கப்பட்டன. அப்ரூவர்களின் வாக்குமூலத்தைச் சார்ந்த இவ்வழக்கில் நீதிபதிகளே ஒன்றுபடவில்லை. பாலக்காட்டை அடுத்த மங்கரையில் பிறந்த சி. சங்கரன் நாயர் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார்.

போற்றுவோரும் தூற்றுவோரும் ஏற்கவேண்டிய அளவுகோல் ஒன்றே: கடிதம் எழுதியவரின் எண்ணத்திற்குச் சான்று, அவர் சொன்ன எண்ணிக்கைக்கோ, சொல்லாத நிகழ்ச்சிக்கோ சான்றாகாது.