பசுவின் பயன்காலம்

ஒரு பசு எத்தனை ஆண்டுகள் கன்று ஈனும்? கேட்பதற்கு இது எளிய வினா. ஆயினும் கௌடலியர் முதல் நம் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் வரை பலர் இதனை எதிர்கொண்டிருக்கின்றனர்.

நேயர்களே, இவ்வினா நாள்தோறும் எழும் ஓர் ஊர் எங்கள் பகுதியில் உண்டு. அது மலையடிவாரத்துப் புளியறை. செங்கோட்டையிலிருந்து கேரளம் செல்லும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையில் அமைந்த நெல் விளையும் ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுகாறும் ஊருக்குக் கிழக்கே இருந்த எல்லை அன்று மேற்கே மலைக்கு நகர்ந்தது. மலைக்கு அப்பால் மாட்டிறைச்சி பரவலாக உண்ணப்படுகிறது. ஆதலின், சந்தைகளில் ‘அடிமாடு’ என்று கழிக்கப்பட்டவை இவ்வழியே மலையேறுகின்றன. அவற்றுள் எது உண்மையில் பயன் முடிந்தது, எது இன்னும் ஈனத்தக்கது என்பதே வினா.

நம் உழவர்கள் இதற்கு வைத்திருந்த அளவுகோல் பல். நான் பாடம் சொல்லிக் கொடுத்த சிறுவர்களிற் பலர், கணக்கில் தடுமாறினாலும், மாட்டின் வாயைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுவர். இரண்டு பல் போட்டது ஏறத்தாழ இரண்டரை வயது. எட்டுப் பல்லும் நிறைந்து கடைசேர்ந்தது ஏறத்தாழ ஐந்து வயது. அதற்குமேல் பல்லின் தேய்மானத்தையும் கொம்பின் வளையங்களையும் கொண்டு மதிப்பிடுவர். கொம்பைச் சீவி வளையத்தை மறைக்கும் தரகரும் உண்டு.

நாட்டுப் பசு பெரும்பாலும் மூன்றரை அல்லது நான்கு வயதில் தலையீற்று ஈனும். சினைக்காலம் ஒன்பது மாதத்திற்குச் சற்று மேல். ஈற்றுக்கு ஈற்று பதினைந்து மாத இடைவெளி என்று கொண்டாலும், பன்னிரண்டு வயதிற்குள் ஏழு கன்றுகள் ஈனலாம். பத்து வயதிற்குப் பின்னர்ப் பல் தேய்கிறது, மேய்ச்சல் குறைகிறது, உடல் மெலிகிறது, சினை பிடிப்பதும் தாமதமாகிறது. இறைச்சிக்கெனக் கன்று வளர்க்கும் மேலைநாட்டினரும் பல், கால், மடி ஆகியவற்றைச் சோதித்தே தாய்ப்பசுவைக் கழிக்கின்றனர். எனினும் விதிவிலக்கு உண்டு. அயர்லாந்தில் 1945-இல் பிறந்த ‘பிக் பெர்த்தா’ என்னும் பசு, 1993-இல் இறக்குமுன் 39 கன்றுகளை ஈன்றது!

இனிச் சட்டம் சொல்வதைக் காண்போம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பத்து வயதைக் கடந்திருப்பதோடு, வேலைக்கும் இனப்பெருக்கத்திற்கும் தகுதியற்றதாகவும் இருந்தால்தான் அறுப்பதற்குச் சான்று தரலாம் என்றது. ஊனமோ தீராத நோயோ உற்றவற்றிற்கு மட்டும் விலக்கு அளித்தது. வயது ஒன்றே போதாது என்பது இங்கே கருதத்தக்கது. பதினொரு வயதுப் பசு சினையாயிருந்தால் அது பயனுள்ள பசுவே. பின்னர் 1976-இல் வந்த அரசாணை, பசுவையும் கிடேரியையும் அறுப்பதையே தடுத்தது.

வடநாட்டிலோ எண்ணே வழக்காயிற்று. எருது, காளை முதலியவற்றிற்கு உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் இருபது வயதையும், பீகார் இருபத்தைந்து வயதையும் வரம்பாக்கின. பதினைந்து வயதிற்கு மேல் இவை பயன்படுவது அரிது என்ற வல்லுநர் கருத்தை ஏற்று, உச்ச நீதிமன்றம் அவ்வரம்புகளைச் செல்லாதனவாக்கியது. 2005-இல் அதே நீதிமன்றம், சாணமும் கோமியமும் தரும் மாடு முதுமையிலும் பயனற்றதன்று என்று கூறி, குஜராத்தின் முழுத் தடையை ஏற்றது. மாட்டின் உடலியல் மாறவில்லை. ‘பயன்’ என்ற சொல்லின் பொருளே மாறியது.

ஊரிலும் அவ்வாறே. ஏர் ஓடிய காலத்தில் காளைக்கன்று வீட்டின் செல்வம். அதை ஈனும் வரை கிழப்பசுவுக்கும் மதிப்பு இருந்தது. டிராக்டர் வந்தபின் காளைக்கன்று சுமையாயிற்று. இன்று பாலை மட்டும் கருதி வளர்க்கப்படும் கலப்பினப் பசுக்களிற் பல, மூன்று நான்கு ஈற்றுகளிலேயே கழிக்கப்படுகின்றன. வயிறு ஓயுமுன்பே வாழ்வு முடிந்துவிடுகிறது.

விற்கும் உழவரைப் பழித்தல் எளிது. ஆனால் கறவை நின்ற மாட்டுக்கு வைக்கோல் வாங்குவது அவரே. அர்த்தசாஸ்திரம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. நூறு மாடுகளை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது, கிழப்பசு, கறவை, சினைப்பசு, தலையீற்றுக் கிடேரி, இளங்கன்று ஆகியவற்றைச் சம எண்ணிக்கையில் தரவேண்டும் என்கிறது அந்நூல். கறவையின் ஊதியத்தைப் பெறுவோர் கிழப்பசுவின் தீனியையும் ஏற்க வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

எனவே பசுவின் பயன்காலத்தைப் பஞ்சாங்க வயதால் மட்டும் அளத்தல் தகாது. ஒவ்வோர் ஈற்றையும் காளைக்குச் சேர்த்த நாளையும் வீட்டில் குறித்து வைத்தல் வேண்டும். ஈனக்கூடியது அறியாமையால் விலைபோகாமலிருக்க அது உதவும். ஓய்ந்த மாட்டின் பாரத்தை ஏழை உழவர் ஒருவர் தலையிலேயே ஏற்றாமல், பாலுண்ணும் நாம் அனைவரும் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். அதுவரையில் புளியறைச் சாலையில் செல்லும் மாடுகளைக் கண்டு நாம் வருந்துவதால் மட்டும் பயனில்லை.